பாடநூலில் க்யூஆர் கோடு வந்த பிறகு: ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் நீண்டநாள் அனுபவம்

தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல் வந்ததிலிருந்து, அரசு கொடுத்த டிஜிட்டல் வசதிகளில் பெரும்பாலானவற்றை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். கல்விச் சீர்திருத்தம் என்று டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த இவற்றை நான் இரண்டு வகையாகப் பார்க்கிறேன். சில, பாடத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுவருகின்றன. சில, பிள்ளைகளைப் பற்றிய தகவலை மேலே கொண்டுபோகின்றன. முதல் வகை எனக்குப் பெரிதும் உதவியது. இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் புலம்பல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் க்யூஆர் கோடு. மத்திய அரசு 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திக்‌ஷா என்ற இணையவழிக் கல்வித் தளத்தோடு நம் பாடநூலைச் சேர்த்து வைப்பது இந்தச் சின்னக் கட்டம்தான். ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளியும் பயிற்சிகளும் வரும். கேமரா சரியில்லாத போன் என்றால், கோடுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்தைத் தட்டினாலும் போதும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், யாரும் புதிதாக எதையும் தேடிப் போக வேண்டாம் என்பது. புத்தகம் எப்படியும் பிள்ளை கையில் இருக்கிறது. கோடு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் காணொளியை மாற்ற வேண்டுமென்றால், புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்காமலே மாற்றிவிடலாம்.

ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் ‘விலங்குகள் வாழும் உலகம்’ என்று ஒரு பாடம். அமீபா, பாரமீசியம், யூக்ளினா மூன்றும் எப்படி நகர்கின்றன என்று வரும். எங்கள் பள்ளி நுண்ணோக்கியில் தூசியைத் தவிர வேறு எதுவும் தெளிவாகத் தெரியாது. அமீபா நகர நீட்டும் உடல் பகுதியைப் போலிக்கால் என்று கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும், பிள்ளைகள் மனசில் அமீபா ஒரு கோணல் உருளைக்கிழங்காகத்தான் இருக்கும். காணொளியில் அது ஒரு பக்கம் நீண்டு, மீதி உடம்பு பின்னாலேயே வழிந்து வருவதைப் பார்த்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. “சார், அப்படி இழுத்தா அதுக்கு வலிக்காதா?” என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து நரம்பு மண்டலம் வரை போய் வந்தோம். அன்று நடத்த நினைத்ததில் பாதிதான் முடிந்தது, பரவாயில்லை.

ஆனால் அதே புத்தகத்தின் முதல் பாடமான ‘அளவீடுகள்’க்கு நான் போனையே எடுப்பதில்லை. கல்லின் பருமனை அளக்க ஒரு அளவுசாடி, தண்ணீர், நூலில் கட்டிய கல் போதும். இதைத் திரையில் காட்டினால் தண்ணீர் மேலே ஏறுவதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான். கையால் செய்ய முடிந்ததைக் கையால் செய்ய வைப்பதும், கண்ணுக்கு எட்டாததைத் திரையில் காட்டுவதும் நல்லது என்பது என் கணக்கு. எந்தப் பாடத்துக்கு எது என்று ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இதைப் பற்றி அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

நடைமுறையில் ஒரு யோசனை: பருவம் தொடங்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். திக்‌ஷா செயலியில் அந்த வசதி இருக்கிறது, அப்புறம் இணையம் இல்லாமலே ஓடும். வகுப்பில் போய் சிக்னல் தேடினால் அந்தப் பாடவேளை போயே போச்சு. இன்னொன்று, பாடநூலில் வரும் ‘இணையச் செயல்பாடு’ பகுதியை முந்தின நாளே திறந்து பாருங்கள். கணக்கில் வரும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் செயல்பாடுகள் அருமையானவை. ஆனால் பொதுவாகவே, ஃபிளாஷை நம்பியிருந்த பக்கங்கள் 2020 முடிவோடு அந்த மென்பொருள் நிறுத்தப்பட்டதும் வெற்றுப் பக்கங்களாகிவிட்டன. அச்சடித்த புத்தகம் பத்து வருடம் நிற்கும். அதற்குப் பின்னால் இருக்கும் இணைப்பை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளி மூடியதும் இந்த ஏற்பாடெல்லாம் ஆட்டம் கண்டது. எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு போய்விடும். அது திரும்பி வரும்போது பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக வீட்டுப்பாடம் அனுப்புவார்கள். அண்ணன் இருந்தால் தங்கையின் முறை கடைசியில்தான். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போது பெரிய துணையாக இருந்தது, டிவி எல்லார் வீட்டிலும் உண்டு என்பதால். ஆனால் டிவி நிற்காது. புரியாத பிள்ளைக்காகத் திரும்பச் சொல்லாது. 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தபோது, ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்களை மீட்டதில் பெரிய பங்கு, மாலையில் தெருவிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கு. எந்தச் செயலிக்கும் அந்தப் பெருமையை நான் தர மாட்டேன்.

சரி, இரண்டாவது வகைக்கு வருவோம். வருகை, மதிப்பீடு, நலத்திட்டப் பொருட்கள் கொடுத்த விவரம், உயரம், எடை, பயிற்சிக்கான பின்னூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பதிவு. காலை முதல் பாடவேளையில் ஒரு செயலி சுற்றிக்கொண்டே இருந்தால் யாரைக் குறை சொல்வது? சர்வர், நெட்வொர்க், என் பழைய போன் மூன்றில் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. “இன்னும் பதிவாகலையே சார்” என்று குழுவில் செய்தி மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிடும்.

இருந்தாலும் பதிவு என்றாலே வீண் என்று சொல்லிவிட முடியாது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தை எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர் நடத்துவதைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சியைத் தருகிறார்கள். யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால்தான் அது சாத்தியம், அதற்கு மதிப்பீடு வேண்டும். டீச்சருடைய குறை வேறு: “சார், நான் பிள்ளைங்க மூஞ்சியப் பாக்குறதா, போன் மூஞ்சியப் பாக்குறதா?” மேலே போன தகவல் அடுத்த வாரமே அவருக்கு வேலைக்கு ஆகும் வடிவத்தில் திரும்பி வந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

தகவல் மேலே போனால் அதைப் பத்திரமாக வைக்கவும் வேண்டும். 2023 ஜனவரியில், திக்‌ஷாவின் சேமிப்பகம் ஒன்று பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்ததால் ஆசிரியர், மாணவர் விவரங்கள் வெளியே தெரிந்ததாகச் செய்தி வந்தது. அதன்பிறகு பெற்றோரிடம் ஆதார் எண் கேட்கும்போது எனக்கே தயக்கமாக இருக்கிறது.

ஆசிரியர்களுக்கான மத்திய அரசின் நிஷ்தா இணையவழிப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 18 தொகுதிகள், முடித்தால் சான்றிதழ். இரண்டு மூன்று நன்றாக இருந்தன. மீதி, நேரில் ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020ஐத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனால் எங்கள் பாடநூல் கோடு போய் நிற்பது மத்தியத் தளத்தில். கொள்கையில் எத்தனை சண்டை இருந்தாலும் பாரமீசியம் எங்கள் வகுப்புக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. 2023இல் மாநில அரசின் மணற்கேணி செயலியும் வந்தது. அதில் அசைவூட்டக் காணொளிகள் நம் பாடத்திட்டத்தையே ஒட்டி இருப்பதால் இப்போது அதைத்தான் அதிகம் திறக்கிறேன்.

2024க்குப் பிறகு பள்ளிக்கு அகண்ட அலைவரிசை இணைய இணைப்பும் கைக்கணினியும் கணினி ஆய்வகமும் வந்தன. இப்போது சொந்த டேட்டாவைச் செலவழிக்க வேண்டியதில்லை, அதுவே பெரிய நிம்மதி. ஆய்வகத்துக்கென்று தனி ஆள் இருப்பதால் பதிவு வேலையும் பாதி குறைந்தது. ஏழாம் வகுப்புப் பையன்கள் கணினியில் தங்கள் பெயரைத் தமிழில் தட்டப் போட்டி போடுகிறார்கள். அடுத்த சுற்றுப் பாடநூல் தயாரிப்பவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான்: கோடுக்குப் பக்கத்திலேயே அந்தக் காணொளி எத்தனை நிமிடம், எத்தனை எம்பி என்று சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி வைத்திருக்கும் பிள்ளை, எதைத் திறப்பது என்று தானே முடிவு செய்துகொள்ளும்.