குண்டுமல்லி, முல்லை, ஜாதிமல்லி: பூவைக் கேட்காதீர்கள், இலையைப் பாருங்கள்

நர்சரியில் "ஜாதிமல்லிதாம்மா, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். நம்பி எடுத்து வந்தேன். எட்டு மாதம் தண்ணீர் ஊற்றியதில் மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஆசையோடு முகர்ந்து பார்த்தால் வாசனையே இல்லை. அது காக்கடா, மல்லியிலேயே வாசனையில்லாத ஒரு வகை. மொட்டு விடாத கன்றுகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று நினைத்ததுதான் தப்பு. இலை காட்டிக் கொடுத்துவிடும்.

ஜாதிமல்லியை (மதுரைக்குத் தெற்கே பிச்சி) அடையாளம் காண்பதுதான் சுலபம். ஒரே காம்பில் இரண்டு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக, இறகு மாதிரி இருக்கும். நுனியில் இருப்பது மட்டும் சற்றுப் பெரிது. மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். குண்டுமல்லிக்கு அப்படியில்லை, கணுவுக்கு இரண்டு தனி இலைகள், எதிரெதிராக, அகலமாக, கரும்பச்சையாக. காக்கடாவும் தனி இலைதான், ஆனால் இலையையும் இளந்தண்டையும் தடவினால் விரலில் பூனைமயிர் தட்டுப்படும். அன்று நான் ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் போதும்.

முல்லைதான் ஏமாற்றும். பார்வைக்குத் தனி இலை போலவே இருக்கும். இலைக்காம்பைக் கண்ணருகே கொண்டுபோங்கள்: பெரிய இலைக்குக் கீழே இரண்டு குட்டி இலைகள், காது மடல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் தாவரப் பெயரான 'ஆரிகுலேட்டம்' என்பதற்கே காதுள்ளது என்றுதான் பொருள்.

இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா? அது மல்லி இனமே இல்லை, பெரும்பாலும் நந்தியாவட்டையாக இருக்கும்.

சரி, எதை வாங்குவது? மொட்டை மாடியில் தொட்டி வைக்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது குண்டுமல்லி. புதராக நிற்கும், பந்தல் வேண்டாம். ஆனால் தினம் ஆறு மணி நேர வெயில் கட்டாயம். வெயில் விழாத பால்கனியில் வைத்துவிட்டு "இலையா விடுது, பூக்கவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூ வருவது புதுத் தளிரில்தான் என்பதால் நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெட்ட வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை அள்ளிக் கொடுக்கும். இதன் எதிரி மொட்டுப்புழு. மொட்டு நிறம் மாறி ஓட்டை தெரிந்தால் அதைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், செடியடியில் போடாதீர்கள். தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்துத் தெளித்தால் தேறும்.

தரையும் இடமும் இருக்கிறதா? அப்போது என் ஓட்டு ஜாதிமல்லிக்கு. குண்டுமல்லி ஓய்கிற நேரத்தில் இது தொடங்கி மழைக்காலம் வரை பூக்கும். விடிவதற்குள் பறித்துவிட வேண்டும், அதுதான் சிரமம். தொட்டியில் வைத்தால் கொடி நாலாபக்கமும் படர்ந்து தடுக்கும். டிசம்பர் கடைசியில் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது.

காம்பவுண்டு சுவரும் கம்பி வலையும் இருப்பவர்களுக்கு முல்லை பொருத்தம். மொட்டு ஒல்லி, வாசனை மென்மை. மல்லி வாசம் தலைவலி தருகிறது என்பவர்கள்கூட இதைச் சூடிக்கொள்வார்கள். கவாத்து ஜனவரி கடைசியில்.

காக்கடாவை நான் பிடுங்கிப் போடவில்லை. மார்கழி, தை மாதங்களில் மல்லி விலை ஏறி, முழம் வாங்கவே யோசிக்கும்போது, சாமி படங்களுக்கு அந்தச் செடியிலிருந்துதான் தொடுத்துப் போடுகிறேன். வாசனை இல்லாவிட்டாலும் சட்டென்று வாடுவதில்லை.