மூன்று வாரத்தில் மூன்று படம்: அப்பாவோடு தியேட்டருக்குப் போன கதை

2024 செப்டம்பரில் இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனேன். ஜெர்மனியில் கிடைத்தது மூன்று வார லீவு. எங்களுடையது நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். பேங்க், ஆதார், பல் டாக்டர் என்று எழுதி வைத்திருந்த வேலையெல்லாம் ஒருவழியாக முடிந்தது, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. தியேட்டர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு 74 வயது. ஒரு காலத்தில் சைக்கிளில் மன்னார்குடி போய் இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு விடியும் முன் வயலுக்குப் போன ஆள், தியேட்டர் பக்கமே போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. முழங்கால் வலி ஒரு காரணம், "நம்ம பாக்குற மாதிரி என்ன படம் வருது" என்பது இன்னொரு காரணம்.

நான் இருக்கும் ஊரில் தமிழ்ப் படம் என்றால் வாரக் கடைசியில் ஒரு காட்சி, பெரிய நடிகர் என்றால் இரண்டு. டிக்கெட் 16 யூரோ கொடுத்திருக்கிறேன். இடைவேளை என்று திரையில் எழுத்து வரும், ஆனால் விளக்கு போட மாட்டார்கள், படம் அப்படியே அடுத்த பாதிக்கு ஓடிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்கக்கூட நேரம் இருக்காது. ஊரில் எனக்கு முதலில் பிடித்ததே அந்தப் பதினைந்து நிமிட இடைவேளைதான்.

முதலில் போனது லப்பர் பந்து. டிக்கெட் எடுப்பதே பாடாக இருந்தது. ஆப்பில் என் ஜெர்மன் கார்டு நாலு முறை தோற்றது, ஓடிபி வரவே இல்லை, கடைசியில் அண்ணன் மகன் தன் போனில் யுபிஐ மூலம் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், வீட்டில் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கவுன்ட்டருக்கு நேரே போய்விடுங்கள். அங்கே அப்போது 120 ரூபாய்தான், ஆப்பின் கூடுதல் கட்டணமும் கிடையாது.

படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம் என்றால் நம்ப முடியவில்லை. மாமனாராகப் போகிறவருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் கிரிக்கெட்டில் வரும் வீம்பு, கதை அவ்வளவுதான், ஆனால் அதற்குள்ளேயே ஊர் டீமில் யாருக்கு இடம் கிடைக்கும், யாருக்குச் சாதியால் கிடைக்காது என்பதைப் பிரசங்கம் இல்லாமல் வைத்திருக்கிறார். மாமனார் கெத்துவாக வரும் அட்டகத்தி தினேஷ் மைதானத்துக்குள் இறங்கும்போது விஜயகாந்த் படப் பாட்டு "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" வருகிறதே, அங்கே தியேட்டர் மொத்தமும் எழுந்து கத்தியது. விஜயகாந்த் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே விசில் அடித்தார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே டிக்கெட் காசு தகும். கெத்துவின் மனைவியாக வரும் ஸ்வாசிகாவின் நடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், கணவன் மேல் அவ்வளவு கோபம், அதற்கு அடியில் அவ்வளவு ஆசை, இரண்டையும் ஒரே முகத்தில் காட்டினார்.

தியேட்டர் பழசு. ஏசியை இடைவேளைக்கு அப்புறம் நிறுத்திவிட்டார்கள், கேட்டதற்கு "கூட்டம் கம்மிதானே சார்" என்றார்கள். கூட்டம் கம்மியாக இருந்தாலும் காசு அதே காசுதானே.

கடைசியாகப் பார்த்தது வேட்டையன், அதை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரும்பும் விமானத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸில் பார்த்தேன். டிக்கெட் 190 ரூபாய், பாப்கார்ன் அதைவிட அதிகம், பார்க்கிங் தனி. ஒலி, திரை, கழிவறை எல்லாம் நன்றாகவே இருந்தன, குறை சொல்ல மாட்டேன். ரஜினி படம் என்றால் அதிகாலை நாலு மணிக் காட்சி என்றிருந்த காலத்தில் நான் ஊரை விட்டுப் போனவன். வேட்டையனுக்கு முதல் காட்சியே காலை 9 மணிக்குத்தான். 2023 பொங்கல் நேரத்தில் முதல் நாள் கொண்டாட்டத்தில் லாரியிலிருந்து விழுந்து ஒரு பையன் செத்துப்போன பிறகு அதிகாலைக் காட்சிக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. படத்தைப் பொறுத்தவரை என்கவுன்ட்டர் தப்பு என்று ஒரு ரஜினி படம் சொல்வதே பெரிய விஷயம், ஆனால் இரண்டாம் பாதியில் அதை வாயாலேயே சொல்லித் தீர்க்கிறார்கள். ஃபகத் ஃபாசில் வரும் இடங்கள் மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் போல இருந்தது.

இப்போது மெய்யழகனுக்கு வருகிறேன்.

செப்டம்பர் 27 வெளியீடு, நாங்கள் மறுநாளே தஞ்சாவூரில் பார்த்தோம். வீட்டிலிருந்து 35 கிலோமீட்டர், அதில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மட்டும் அரை மணி நேரம் நின்றோம். ஊரை விட்டுப் போன ஒருவன் 22 வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான் என்பதுதான் கதை என்று சொன்னதும் அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் ஊர்ப் பெயர் திரையில் வரும்போது அவர் என் கையைப் பிடித்தார். மணமேடையில், ஊருக்குத் திரும்பி வந்தவராக நடித்த அரவிந்த் சாமி தங்கைக்குக் கொலுசு போட்டுவிடும் இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் இரண்டு பேருமே உடைந்திருப்போம்.

ராத்திரி முழுக்க அவர் கூடவே இருக்கும் சொந்தக்காரராக வரும் கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார், படம் நீளம் என்று பலர் சொன்னார்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், நீளம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவர் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தால் அப்படித்தான் பேசுவார். வெண்ணிப் போரில் கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் வென்றது, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி சேரன் வடக்கிருந்தது, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து உயிர் விட்டது என்று அந்த ராத்திரியில் ஒரு பேச்சு வருகிறது. அந்த வெண்ணி, நாங்கள் தஞ்சாவூருக்கு ரயிலில் போகும்போது வரும் கோவில்வெண்ணிதான். அப்பா என்னிடம் குனிந்து, "நம்ம கோவில்வெண்ணியப்பா" என்றார், எனக்குத் தெரியாதது போல.

இவ்வளவு ஆசையோடு வந்த மனிதரைத் தியேட்டர் எப்படி நடத்தியது என்பதில்தான் எனக்கு வருத்தம். திரை மாடியில், லிஃப்ட் வேலை செய்யவில்லை, படிக்கட்டில் ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாது. உள்ளே நடைவழியில் விளக்கும் இல்லை, போன் வெளிச்சத்தில்தான் அவரை உட்கார வைத்தேன். இடைவேளையில் கழிவறைக்கு மறுபடி கீழே இறங்க வேண்டும் என்றதும் அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். டிக்கெட் கிழிக்கும் பையன் ஒருவன் மட்டும், யாரும் சொல்லாமலே, படம் முடிந்ததும் மேலே வந்து அப்பாவைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கிவிட்டு, உட்கார ஒரு நாற்காலியும் போட்டான். அவன் நன்றாக இருக்க வேண்டும். இப்படி ஒரு படத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்பா வயதுக்காரர்கள். கைப்பிடிக்கும் நாலு விளக்குக்கும் பெரிய செலவு ஆகாது.

அடுத்த சில நாளிலேயே படத்தில் 18 நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் மூன்று நாள் கூட்டம் நெளிந்தது என்பதற்காக வெட்டினால், மெதுவாகக் கேள்விப்பட்டு, துணைக்கு ஆள் தேடி, இரண்டாம் வாரம் வருகிற பெரியவர்களுக்கு அரைகுறைப் படம்தானே கிடைக்கும்?

கும்பகோணத்துச் சித்தி அப்படித்தான் இரண்டாம் வாரம் போய்ப் பார்த்திருக்கிறார். நான் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி போன் செய்து, "கரிகாலன் பேச்சா? அப்படி ஒண்ணுமே வரலியே அத்தான்" என்றார். அப்பா திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, வெண்ணியில் இருந்து ஆரம்பித்தார்.