பழைய சாஃப்ட்வேரை மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் இலைக் கணக்குக்கு நடந்தது

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். யார் எந்தத் தேதியில் எத்தனை கிலோ பச்சை இலை போட்டார்கள், கழிவு எவ்வளவு, என்ன விலை போட்டுக் கொடுத்தோம் என்று 2009 முதல் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் புரோகிராமில் எழுதிய சாஃப்ட்வேர். ஃபாக்ஸ்புரோவை மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியிலும், அது ஓடிய விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரியிலும் கைவிட்டுவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றிய விதத்தில் ஏமாந்தோம்.

மலைக்குக் கீழேயிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பாதிப் பணம் அட்வான்ஸ். ஒரே நாளில் பழைய ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்து, அதிலேயே புதியதை ஏற்றிவிட்டு, "எல்லாம் வந்துடுச்சு சார், சைன் பண்ணுங்க" என்றார்கள். அந்த மாதக் கணக்கைத் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டு மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஓர் உறுப்பினர் அம்மா வந்தார். "தம்பி, போன ஆடியில என் இலைக்கு எதுக்கு அத்தனை கிலோ கழிச்சாங்க?" திறந்தேன். கிலோ இருக்கிறது, காரணம் எழுதும் கட்டம் வெறுமையாக இருக்கிறது. எல்லாருக்கும் அப்படித்தான். ஃபாக்ஸ்புரோ நீளமான குறிப்புகளைத் தனிக் கோப்பில் வைக்கும். கணக்கு வரிகள் இருக்கும் டிபிஎஃப் கோப்பின் பக்கத்திலேயே அதே பெயரில் எஃப்பிடி என்று இருக்கும். அதை அவர்கள் எடுக்கவே இல்லை. மழை இலையா, முற்றல் இலையா என்று எழுதியதெல்லாம் போயிற்று.

அப்புறம் தேதி. எங்களுக்கு ஞாயிறு எடை கிடையாது. ஆனால் பழைய கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் எடை விழுந்திருந்தது. கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக (சிஎஸ்வி) ஆக்கி ஏற்றும்போது நாளும் மாதமும் இடம் மாறி, ஜூலை 5 மே 7 ஆகிவிட்டது. 12-க்கு மேற்பட்ட நாட்களுக்குத் தேதியே இல்லை. பழைய தமிழ் ஃபான்டில் அடித்த பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கின்றன. அதையாவது யூனிகோடுக்கு மாற்றி மீட்டுவிடலாம். குறிப்புகளை மீட்க வழியில்லை.

போன் செய்தால், "நீங்கதானே சைன் பண்ணீங்க" என்கிறார்கள்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் அப்டேட் நின்றுவிட்டதால், ஊட்டி, குன்னூர் பக்கமும் பலர் இப்போது மாற்றிக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து பழைய டிஸ்கை ஃபார்மட் செய்ய விடாதீர்கள். புதியதைப் புது டிஸ்கில் போடச் சொல்லுங்கள், செலவு பெரிதில்லை. சாஃப்ட்வேர் இருந்த ஃபோல்டரை ஒரு கோப்பு விடாமல் முழுதாக நகல் எடுங்கள். ஒரு மாதமாவது பழையதிலும் புதியதிலும் சேர்த்தே எழுதுங்கள், அப்புறம் பழைய டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். வந்த ஆட்கள் காட்டும் பக்கத்தைப் பார்க்காதீர்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய வரிகள் இருபதையாவது நீங்களே தேடியெடுத்து, உறுப்பினர் பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள். அதுவரை மீதிப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நாளைக்கு இந்தப் புதியதும் பழையதாகும். அன்றைக்கு எங்கள் டேட்டாவை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போது வீடு வீடாகப் பாஸ்புக் வாங்கித் தேதிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். போன வாரம் ஒரு பென் டிரைவில் 2017 மார்ச் பேக்கப் கிடைத்தது, எஃப்பிடி கோப்போடு. அந்த அம்மா கேட்ட ஆடி மாதம் அதில் இல்லை.