உள்ளங்கால் மருவுக்கு எந்த எச்பிவி டெஸ்ட்?

லீவில் ஊருக்குப் போனால் பல், கண், சர்க்கரை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டிவிட்டு வருகிற ஆள் நான். இந்த முறை மகனின் உள்ளங்கால் மருவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

ஸ்கின் டாக்டர் அன்றைக்கே பார்த்தார். மேலே தடித்திருந்த தோலைப் பிளேடால் மெல்லச் சீவியதும் உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அடைத்துப்போன நுண் ரத்தக் குழாய்களாம் அவை. பாதத்தின் ரேகைகளும் அந்த இடத்தில் அறுந்து விலகிப் போயிருந்தன. “ஆணி இல்லை, மருதான்” என்றார். மருவை உண்டாக்குவது எச்பிவி என்கிற மனித பாப்பிலோமா வைரஸ். அதில் எந்த வகை என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன். “பார்க்கலாம். ஆனா அதனால வைத்தியம் மாறப்போறதில்ல” என்று சொல்லி, சாலிசிலிக் அமில மருந்தை எழுதித் தந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. லேபுக்குப் போனேன். கவுன்டரில் “எச்பிவி டெஸ்ட் இருக்கு சார்” என்று சொன்ன கையோடு பில்லும் போட்டு, பணமும் வாங்கிவிட்டார்கள். எந்தெந்த வகைகளைப் பார்ப்பீர்கள் என்று கேட்ட பிறகுதான் தாளை எடுத்துக் காட்டினார்கள். 16, 18, 31, 33 என்று போனது. எல்லாம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகத் தேடுகிற வகைகள். பாத மருவுக்குப் பெரும்பாலும் காரணம் 1, 2, 27, 57. ஒன்றுகூட அதில் இல்லை. ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்திருந்தாலும் அதற்கு ஒரு பொருளும் இருந்திருக்காது. கவுன்டரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா?

நல்லவேளை, உள்ளேயிருந்து மைக்ரோபயாலஜி டாக்டர் வந்தார். அவசரமே இல்லாமல் விளக்கினார். இந்த வைரஸைப் பாக்டீரியா மாதிரி தட்டில் வளர்க்க முடியாது, ரத்தப் பரிசோதனையும் உதவாது. டிஎன்ஏவைத்தான் தேட வேண்டும். மருவின் மேல்தோலைச் சீவிவிட்டு, அந்த இடத்தைப் பஞ்சுக் குச்சியால் அழுத்தித் தேய்த்தோ, சீவிய துணுக்கைக் கொண்டோ சாம்பிள் எடுப்பார்கள். பிசிஆர் என்கிற, டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் முறையில், பல வகைகளுக்கும் பொதுவான ப்ரைமரை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போட்டு, வைரஸின் மேலுறைக்கான எல்1 மரபணுவின் ஒரு துண்டைப் பெருக்குவார்கள். பிறகு அதன் எழுத்து வரிசையைப் படித்து, தெரிந்த வகைகளோடு ஒப்பிடுவார்கள். எல்1 வரிசை 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால்தான் தனி வகையாகக் கணக்கு. அப்படி 200க்கு மேல் இருக்கின்றன. ஒரே மருவில் இரண்டு வகை கலந்திருந்தால் வரிசை குழம்பிவிடும். அப்போது ஒவ்வொரு வகைக்கும் தனி டிஎன்ஏ துண்டு ஒட்டிய நுண்மணிகளில் எது எதில் போய் ஒட்டுகிறது என்று பார்க்கும் முறை கைகொடுக்கும்.

பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மருதான் என்று உறுதியாகும், வகை எண் வராது. அப்புறம் இன்னொரு சிக்கல்: நல்ல தோலிலும் எச்பிவி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் டிஎன்ஏ கிடைத்ததும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு இருக்கிறது என்று ரியல்டைம் பிசிஆரில் அளந்து பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் முழுதாகச் செய்கிறார்களாம்.

“சின்னப் பையன்னா 1 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அது சீக்கிரம் போயிடும்” என்றார். சாம்பிள் கொடுக்காமலே கிளம்பினோம். கட்டிய பணத்தைத் திருப்பி வாங்கத்தான் இன்னொரு கவுன்டர், இன்னொரு படிவம், மேனேஜர் கையெழுத்து.