ரெசொனேட்டரில் முதல் பாட்டு: ஓப்பன் ஜி-யா, ஓப்பன் டி-யா?

ரெசொனேட்டர் என்பது ஒலியைப் பெருக்க உள்ளே உலோகக் கூம்பு வைத்த கிட்டார். எந்த ஃப்ரெட்டிலும் (கழுத்தின் உலோகக் கட்டு) அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரும்படி தந்திகளை அமைப்பது ஓப்பன் ட்யூனிங்; ஜி கார்டு வந்தால் ஓப்பன் ஜி, டி கார்டு வந்தால் ஓப்பன் டி. மிசிசிப்பி டெல்டாவின் ப்ளூஸ் கலைஞர் சன் ஹவுஸ் ‘நேஷனல்’ நிறுவனத்தின் ரெசொனேட்டரில் வாசித்தது பெரும்பாலும் ஓப்பன் ஜி. வழக்கமான ட்யூனிங்கில் 6 (மிகத் தடித்தது), 5, 1 (மிக மெல்லியது) ஆகிய தந்திகளை இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் போதும். ஓப்பன் டி-க்கு 6, 2, 1 அதே அளவு இறங்கும்; 3-ஆவது மட்டும் ஒரு ஃப்ரெட். இரண்டிலும் 5, 7-ஆவது ஃப்ரெட்டில் ஒரு விரலைக் குறுக்கே வைத்தால் எளிய ப்ளூஸ் பாட்டுக்கு வேண்டிய மற்ற இரண்டு கார்டுகளும் கிடைத்துவிடும்.

வித்தியாசம் கட்டைவிரலில். ஓப்பன் ஜி-யில் ஆதார சுருதி 5-ஆவது தந்தியில் இருக்கிறது. 6-ஆவதைத் தவிர்த்து அங்கே தொடங்கப் புதியவர் கை தடுமாறும். ஓப்பன் டி-யில் 6, 4 இரண்டுமே டி. கட்டைவிரல் அவற்றில் மாறி மாறி நடந்தாலே தாளம் நிலைத்து நிற்கும். முதல் தந்தியும் டி என்பதால் மெட்டு அங்கே இயல்பாக வந்து முடியும். அப்புறம், அலுமினியக் கூம்பு தடித்த தந்திகளின் தாழ்ந்த ஒலியையும் சேர்த்தே பெரிதாக்கும். உள்ளங்கை ஓரத்தால் அந்தத் தந்திகளை பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் கட்டை) அருகே லேசாக அமுக்குங்கள், இல்லாவிட்டால் மெட்டு மூழ்கிவிடும்.

முதல் பாட்டுக்கு என் ஓட்டு ஓப்பன் டி-க்கே. டெல்டா ப்ளூஸ்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், சரி, ஜி-யில் தொடங்குங்கள். எதுவானாலும் தந்தி தளரும்; சற்றுத் தடித்த செட் போடுங்கள்.