80 கெல்வினுக்கு எது: இரும்பு ஆன்டிமோனைடா, பிஸ்மத்-ஆன்டிமனியா?

அறை வெப்பநிலையில் பெல்டியர் குளிர்விப்பு (மின்சாரம் பாய்ச்சி ஒரு முனையிலிருந்து வெப்பத்தை எடுக்கும் முறை) என்றாலே பிஸ்மத் டெலுரைடுதான். 1954 முதல் அதன் ராஜ்ஜியம். ஆனால் பல அடுக்குகளாகச் சேர்த்தாலும் சுமார் 170 கெல்வினோடு திணறிவிடும். அகச்சிவப்பு உணரிகள் பலவற்றுக்கு 80 கெல்வின் அருகே குளிர் வேண்டும். அதிர்வே இல்லாமல் அங்கே போக எந்தப் பொருள் உதவும்?

பெயர் வாங்கியது இரும்பு ஆன்டிமோனைடு. 2007-இல் அளந்தபோது, சுமார் 10 கெல்வினில் இரு முனைகளுக்கு இடையே ஒரு கெல்வின் வெப்பநிலை வித்தியாசத்துக்கு 45 மில்லிவோல்ட் காட்டியது. இந்த வோல்டேஜ் பெரிதானால் குளிர்விப்பும் வலுவாகும். பிஸ்மத் டெலுரைடு தருவது 0.2 மில்லிவோல்ட்தான். சரி, பிறகு என்ன சிக்கல்? இந்தப் படிகம் வெப்பத்தையும் தாராளமாகக் கடத்துகிறது. அதனால் திறன் எண் (வோல்டேஜ், மின்கடத்தல், வெப்பக்கடத்தல் மூன்றையும் சேர்த்துப் பொருளின் தரம் சொல்லும் எண், பெரிதானால் நல்லது) சுமார் 0.005-ஐத் தாண்டவில்லை. துகள்களைச் சிறிதாக்கி வெப்ப ஓட்டத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். வோல்டேஜும் கூடவே விழுந்தது. எலெக்ட்ரான்களை இழுத்துப்போவதே வெப்பத்தைச் சுமக்கும் ஃபோனான்கள், அதாவது படிகத்தின் அதிர்வுகள்தான். ஒன்றை அடித்தால் மற்றதும் சாகும். போதாததற்கு, 80 கெல்வினுக்கு வருவதற்குள் அந்தப் பெரிய வோல்டேஜ் காணாமல் போய்விடுகிறது.

எலெக்ட்ரான்களை மிக மெல்லிய அடுக்குக்குள் அடைக்கும் குவாண்டம் கிணறுகள் 1993-இல் ஹிக்ஸும் டிரெஸ்ஸெல்ஹாஸும் கொடுத்த அழகான யோசனை. ஆனால் மெல்லிய படலங்களால் அதிக வெப்பத்தை அள்ள முடியாது.

என் ஓட்டு பிஸ்மத்-ஆன்டிமனிக்கே. ஆன்டிமனி 10 முதல் 15 சதவீதம் வரை இருந்தால், எடையே இல்லாததுபோல் ஓடும் எலெக்ட்ரான்களும், 0.02 எலெக்ட்ரான்வோல்ட் அளவில் எலெக்ட்ரான்கள் இருக்க முடியாத ஒரு குட்டி ஆற்றல் இடைவெளியும் கிடைக்கின்றன. 300 கெல்வினில் வெப்ப ஆற்றலே 0.026, அந்த இடைவெளி இருந்தும் பயனில்லை, எலெக்ட்ரானும் துளையும் (எலெக்ட்ரான் விட்டுப்போன, நேர்மின்னூட்டம்போல் நகரும் காலியிடம்) ஒன்றின் வோல்டேஜை மற்றது தின்றுவிடும். 80 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.007-ஆகக் குறைவதால் இடைவெளி வேலை செய்கிறது. திறன் எண் சுமார் 0.5. காந்தப்புலத்தில் வைத்தால் இன்னும் ஏறும் என்பது 1962-லேயே தெரிந்த விஷயம். 2008-இல் இதையே முதல் முப்பரிமாண டோபாலஜிக்கல் இன்சுலேட்டராக (உள்ளே கடத்தாமல் மேற்பரப்பில் மட்டும் மின்சாரம் கடத்தும் பொருள்) அடையாளம் கண்டார்கள். அருமையான இயற்பியல்தான், ஆனால் கட்டியாக வெட்டிக் குளிர்விக்கும்போது மேற்பரப்பு நிலைகளால் பெரிய லாபமில்லை.

இதற்கும் ஒரு பெரிய குறை உண்டு: பெல்டியர் கருவிக்கு எலெக்ட்ரான்கள் ஓடும் ஒரு காலும், துளைகள் ஓடும் பி-வகைக் காலும் வேண்டும், ஆனால் இதற்கு நல்ல பி-வகைத் துணை கிடையாது. 2000-இல் வந்த சீசியம் பிஸ்மத் டெலுரைடு 225 கெல்வினில் 0.8 எட்டியது, 80-க்கு அது போதாது. எனக்குப் பிடித்த மாற்று வழி, அந்த பி-வகைக் காலின் இடத்தில் 92 கெல்வினுக்குக் கீழே மீகடத்தியாகும் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடை வைப்பது. அது தானாகக் குளிர்விக்காது. ஆனால் மின்தடை இல்லை, வெப்பத்தையும் அதிகம் கசியவிடாது. பாரம் முழுவதையும் பிஸ்மத்-ஆன்டிமனிக் கால் தனியாகச் சுமக்கலாம்.