ஃபிடே கொடியா, புது நாட்டுக் கொடியா?

சொந்த நாட்டுச் சம்மேளனத்தோடு ஒத்துப்போகவில்லை, அல்லது நாட்டின் மேலேயே தடை விழுந்துவிட்டது. செஸ் ஆட்டக்காரர் என்ன செய்வார்? உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் கொடியின் கீழ், எந்த நாட்டையும் சேராமல் ஆடலாம், இல்லையென்றால் வேறு நாட்டுக்கு மாறலாம்.

தனிநபர் போட்டி: ஃபிடே கொடியே போதும். ரஷ்ய ஆட்டக்காரர் நெப்போம்னியாச்சி, உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2022 கேண்டிடேட்ஸ் போட்டியை அப்படித்தான் வென்றார், 2023-இல் டிங் லிரனோடு உலகப் பட்டத்துக்கும் அதே கொடியோடுதான் மோதினார்.

அணிப் போட்டி: இங்கேதான் சிக்கல். நாடுகள் அணியாக மோதும் செஸ் ஒலிம்பியாடில் உட்கார ஒரு நாடு வேண்டும். ஈரானை விட்டு வந்த ஃபிரோஸ்ஜா 2019 உலக ரேபிட் (வேக செஸ்) தனிநபர் போட்டியில் ஃபிடே கொடியோடு வெள்ளி வாங்கினார், சரி. ஆனால் 2021-இல் பிரான்சுக்கு மாறிய பிறகுதான் ஐரோப்பிய அணிகள் போட்டியில் முதல் பலகையில் 9-க்கு 8 எடுத்து, அணிக்கும் வெள்ளி வாங்கித்தர முடிந்தது. ரஷ்யாவிலிருந்து ஸ்லொவேனியாவுக்குப் போன ஃபெடோசீவ் 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாட் கடைசிச் சுற்றில் நம்ம குகேஷிடம் தோற்றார், அதுவும் மாறியதால் கிடைத்த நாற்காலிதான்.

செலவு: மாறினால் பழைய சம்மேளனத்துக்கு இழப்பீடு தர வேண்டிவரும், ரேட்டிங் ஏற ஏறத் தொகையும் ஏறும். புது நாடு அதைக் கட்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

உலகப் பட்டம் மட்டுமே குறி என்றால் ஃபிடே கொடி. ஒலிம்பியாட் ஆசை இருந்தால், மாறுவதைத் தவிர வழியில்லை.